கத்தரி வைக்க முடியாத அட்டைகள்

ஜனவரி 10, சனி

வெயில். சொட்டுக் காற்றும் இல்லை.

முதலாளி தந்த புது டயறி. போன வருடத்து டயறி பெப்ரவரியோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு குசினிக் கதவு அடிபடாமல் இருக்க அதைத்தான் அண்டை கொடுத்தோம். இதற்கும் அதே கதி வரலாம். அதுவரை எழுதுவோம்.

இன்றைய வேலை: பாலன் பிறப்புக் குடில் கழற்றுதல். மூன்று ராசாக்கள் திருநாள் முடிந்தும் குடிலை வைத்திருப்பது கொட்டாஞ்சேனையிலேயே எங்கள் வீடுதான் என்று மனைவி ரீட்டா. கழற்றும்போது மாட்டின் கொம்பு உடைந்தது. வைக்கோலில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். அவளுக்குச் சொல்லவில்லை. அடுத்த நத்தாருக்குப் பார்க்கலாம்.

பிறகு அட்டைகள். யன்னலில் இருந்து வாசல் பியூஸ் பெட்டி வரை ஹோலுக்குக் குறுக்கே நூல் கட்டி, அதில் வாழ்த்து அட்டைகளைத் தொங்கவிடுவது ரீட்டாவின் வழக்கம். இப்போது யார் அட்டை அனுப்புகிறார்கள்? இந்த முறை புதிதாக வந்தது இன்சூரன்ஸ்காரனுடைய ஒன்று மட்டும். மற்றதெல்லாம் பழைய அட்டைகள். ஒவ்வொரு வருடமும் உரப்பையில் இருந்து வெளியே வந்து, தொங்கி, திரும்ப உரப்பைக்குள் போகிறவை.

பையைக் கட்டப் போனேன். மகள் டிலானி ஓடிவந்தாள்.

“அப்பா, கட்டாதேங்கோ. எனக்கு வேணும்.”

அடுத்த மாதம் அவளுக்கு எழுத்து, கல்யாணப் பதிவு. பதிவாளர் வீட்டுக்கே வருகிறார். வருகிறவர்களுக்குக் கொடுக்கும் கேக் துண்டுக்கு, கடைப் பெட்டி வேண்டாமாம். பழைய அட்டையில் பெட்டி செய்யப் போகிறாளாம். போனில் ஒரு வீடியோ காட்டினாள். யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் இரண்டு கைகள். வெட்டு, மடி, பெட்டி. முகத்தைக் காட்டவில்லை. காட்டியிருந்தால் வியர்வை தெரிந்திருக்கும்.

“இதென்ன பெரிய வேலை, தா” என்றேன். இந்த வருடம் நான் சொன்ன முதல் மடத்தனமான சொல். பத்தாம் தேதி வரை தாக்குப்பிடித்ததே பெரிது.

பின்னேரம் முழுக்க:
முதல் பெட்டி: மூடி உள்ளே போகிறது, அடி வெளியே நிற்கிறது.
அடுத்தது: நாலு பக்கமும் நாலு உயரம்.
அடுத்தது: சரியாக வந்தது. திறக்க முடியவில்லை.

ரீட்டா குனிந்து பார்த்தாள். “உது கேக் வைக்கவோ, எலி பிடிக்கவோ?”

ஜனவரி 11, ஞாயிறு

காலைப் பூசை. பிரசங்கம் நீளம். கால் நோவு.

வந்து மேசையில் பையைக் கொட்டினோம். கத்தரியை எடுத்து நல்ல தடித்த அட்டை ஒன்றில் வைத்தேன். ரீட்டா அலறினாள்.

“இஞ்சாருங்கோ! மாதாவின்ர முகத்தில கத்தரி வைக்கப் போறீங்களே?”

பார்த்தேன். மாதாதான். கையில் பாலன்.

கடவுள் படம் உள்ளதை வெட்டக் கூடாது. இது அவளுடைய சட்டம். அவளுடைய அம்மாவின் சட்டமும் அதுவாம். சரி என்று பிரிக்கத் தொடங்கினோம். மாதா, அந்தப் பக்கம். பாலன், அந்தப் பக்கம். சூசையப்பர், சம்மனசு, மூன்று ராசாக்கள், அந்தப் பக்கம். நட்சத்திரத்தில் சண்டை. நான் அது வெறும் நட்சத்திரம் என்றேன். “அது பெத்லகேம் நட்சத்திரம்” என்றாள். அந்தப் பக்கம். ஆடு? “இடையர் பக்கத்தில நிக்கிறார்.” அந்தப் பக்கம்.

வெட்ட அனுமதி கிடைத்தவை: மணி, மெழுகுதிரி, பனியில் மூடின வீடு, சிவப்பு நெஞ்சுக் குருவி, சிவப்புத் தொப்பி போட்ட ஒரு நாய். பெட்டிக்குக் காணவே காணாது.

“மற்றதை என்ன செய்யிறது?” என்று கேட்டேன்.

“வைக்கிறது.”

“எதுக்கு?”

“எறியேலுமே?”

எறியவும் ஏலாது, வெட்டவும் ஏலாது. அதுதான் அந்த உரப்பை வருடா வருடம் வளர்ந்ததன் காரணம். இவ்வளவு காலமும் அன்பினால் சேர்த்து வைத்திருக்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

பின்னேரம் கோயிலுக்கு எடுத்துப்போய், அங்கே வேலை பார்க்கும் சங்கிலித்தாம் அண்ணையிடம் கேட்டேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். “தம்பி, கெஞ்சிக் கேக்கிறன், திருப்பிக் கொண்டு போம். ஊரில உள்ள உடைஞ்ச சுருவம், கிழிஞ்ச படம் எல்லாம் என்ர அறைக்குள்ளதான். நான் படுக்கிறதுக்கு இடமில்லை.”

பை திரும்ப வீட்டுக்கு. முச்சக்கர வண்டியில் மாதாவும் நானும்.

இன்னொன்று. எழுதி வைக்கிறேன், ஏனென்றால் பெட்டி வேலை எல்லாம் இதை மறக்கத்தான். மாப்பிள்ளைத் தம்பி பிரணவன் நல்ல பிள்ளை. வெள்ளவத்தை. சைவம். தகப்பன் இல்லை, தாய் மட்டும், ஒரே மகன். தாய் ஓய்வுபெற்ற ரீச்சர். இந்த டயறியில் அவரை ச.அம்மா என்றுதான் எழுதப் போகிறேன். சம்பந்தி அம்மா என்று முழுதாக எழுத எனக்கு இன்னும் உரிமை வரவில்லை.

அவர்களுக்கு மார்கழி ஆகாது. எங்களுக்குத் தவக்காலம் ஆகாது. நடுவில் கிடந்த கொஞ்ச நாளுக்குள் ஒரு நாளைப் பிடித்து, எங்கள் வீட்டிலேயே வைப்போம் என்று பதிவாளருக்கும் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் ச.அம்மாவைக் கேட்கவில்லை என்று ஞாபகம் வந்தது. போன் எடுத்தேன். “பாப்பம்” என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு எப்போது கேட்டாலும் பாப்பம். மகனை எங்கள் வேதத்துக்கு மாற்றப் போகிறோம், சாமியாரை ஒளித்துவைத்துக் கூப்பிடப் போகிறோம் என்று பயமாம். ரீட்டாவோ, “அவ கதைச்சா நான் கதைப்பன்” என்கிறாள். இரண்டு பேரும் இதுவரை நேரே ஒரு வார்த்தை பேசவில்லை.

டிலானி சத்தம் போடுகிற பிள்ளை. ஆனால் இதை மட்டும் மெதுவாகச் சொன்னாள்: “அவ வராட்டி நான் கையெழுத்து வைக்க மாட்டன் அப்பா. பிறகு சாகும் வரைக்கும் அதைக் கேட்டுக்கொண்டு இருக்கேலாது.”

ஜனவரி 12, திங்கள்

பசை வாங்கக் கடைக்குப் போனேன். பசை, அடிமட்டம், மினுக்கு நூல். கடைப் பொடியன் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் கேட்டான், “இஸ்கோலெ புரொஜெக்ட் எகக்த, மாத்தயா?”

பள்ளிக்கூட வேலைதான் என்று தலையாட்டினேன். கல்யாண வயதில் பிள்ளை வைத்திருக்கிறவன் வேறு என்ன சொல்ல? எத்தனையாம் வகுப்பு என்று கேட்டான். ஆறு என்றேன். கெட்டிக்காரப் பிள்ளையா என்றான். இல்லை என்றேன். அது மட்டும் உண்மை.

ஜனவரி 13, செவ்வாய்

வேலை செய்யும் கடையில் வியாபாரம் இல்லை. குளியலறைச் சாமான் யாருக்கு வேண்டும், தண்ணீரே விட்டு விட்டுத்தான் வருகிறது. மேசைக்குக் கீழே ஒரு மெழுகுதிரி அட்டையை மடித்துக்கொண்டிருந்தேன். தரை ரைல்ஸ் பக்கம் நிற்கும் நிஸாம் கண்டுவிட்டார். அண்ணன் என்பது அவர் வாயில் நானா.

“என்ன நானா, கப்பல் செய்யிறீங்களா?”

சொன்னேன். சிரித்து முடித்துவிட்டு வேலையைக் கையில் வாங்கினார். இரும்பு அடிமட்டத்தை வைத்து, மை முடிந்த பேனாவால் ஒரு கோடு இழுத்தார். எழுதாத பேனா. அட்டையில் பள்ளம் மட்டும் விழுந்தது. மடித்தால் ரைல் விளிம்பு மாதிரி நேர். “அடிப் பக்கத்த மூடிய விட ஒரு நூல் அளவு குறைச்சு வெட்டுங்க. அப்பதான் மூடி ஏறும். பைப்புக்கு சொக்கட் போடுற மாதிரித்தானே.” இத்தனை வருடம் பைப் விற்கிற எனக்கு இது தோன்றவில்லை.

அட்டை பற்றாது என்றேன். தன் வீட்டில் பெருநாள் அட்டைகள் கிடக்கின்றன, கொண்டுவருகிறேன் என்றார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய் ஒரு கட்டோடு வந்தார். பிறை, மினாரா, தங்க எழுத்து. அருமையான கனம். கொடுக்கக் கையை நீட்டியவர், ஒன்றைத் திருப்பிப் பார்த்தார். அடுத்ததைப் பார்த்தார். முகம் மாறியது.

“நானா, இதுல அல்லாஹ்ட பேர் ஈக்கி. வெட்டப்படாது.”

“நிஸாம், நீருமா?”

“இதுலயும் ஈக்கி. இதுலயும். சரி, நீங்க வச்சிக்கங்க. வெட்ட மட்டும் வேணாம்.”

வெட்டக் கூடாத அட்டைகள் இப்போது இரண்டு பை.

ஜனவரி 15, வியாழன், பொங்கல்

லீவு. காலையிலேயே தெருவில் வெடி.

ரீட்டா தன் தமக்கையைப் பார்க்கக் கிராண்ட்பாஸ் போனாள். டிலானி தலை முழுகிக்கொண்டிருந்தாள். பிரணவன் வந்தான். ஒரு கையில் சாப்பாட்டுப் பெட்டி, மறு கையில் பை.

“அம்மா பொங்கல் தந்துவிட்டவா அங்கிள்.”

“பையில?”

“பழைய கார்ட். நீங்கள் பெட்டி செய்யிறீங்கள் எண்டு சொன்னனான். அம்மாவே எடுத்துத் தந்தவா.”

பொங்கலை விட அந்தப் பைதான் எனக்கு இனித்தது. அவரே எடுத்துத் தந்தாராம்! பாப்பம் என்றவர்!

“எழுத்துக்கு வருவாவோ தம்பி?”

“வருவா அங்கிள்” என்று சீலிங்கைப் பார்த்துச் சொன்னான்.

அவன் போனதும் பையைத் திறந்தேன். கல்யாண அட்டைகள். மட்டை மாதிரிக் கனம், தங்க ஓரம். வாழ்க்கையில் இவ்வளவு நல்ல அட்டை பார்த்ததில்லை. நிஸாம் சொன்ன மாதிரிக் கோடு, மடிப்பு, அடியில் ஒரு நூல் குறைவு. ஒவ்வொன்றும் கடைப் பெட்டி மாதிரி வந்தது. பாட்டும் பாடினேன் என்று நினைக்கிறேன். பை பாதியானதும், செய்ததை வரிசையாக மேசையில் அடுக்கி வைத்துவிட்டு, ரீட்டா வரட்டும், வாயடைத்துப் போகட்டும் என்று இருந்தேன்.

வந்தாள். வாயடைத்துத்தான் போனாள். ஒரு பெட்டியைத் திறந்தாள். உள்ளே பார்த்தாள்.

“இது என்ன?”

“பெட்டி.”

“உள்ளுக்க என்ன?”

எட்டிப் பார்த்தேன். பெட்டியின் அடியில் பிள்ளையார். கொஞ்சம் மடிந்து, ஒரு காது சுவரில் ஏறி.

“கடவுளே! பிள்ளையாரையெல்லே வெட்டி வச்சிருக்கிறீங்கள்!”

“நீர் மாதாவைத்தானே வெட்ட வேண்டாம் எண்டனீர்...”

“மாதா எங்கட. இது அவையட சாமி! எங்கட எண்டாலும் பாவசங்கீர்த்தனம் செய்யலாம். இதுக்கு ஆரிட்டப் போய்ச் சொல்லுறது? முட்டை போட்ட கேக்கைப் பிள்ளையாருக்கு மேல வச்சு, அந்த மனுசியின்ர கையில குடுக்கப் போறீங்களே?”

முட்டையை நான் யோசிக்கவே இல்லை.

டிலானி வந்து பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். “முடிஞ்சுது” என்று மட்டும் சொன்னாள். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க ஏலாமல் நான் பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து நிமிர்த்தப் பார்த்தேன். பசை நல்ல பசை. வரவில்லை.

ஒளித்துவிடலாம் என்றேன். அட்டை ஈரமாகிவிட்டது என்று சொல்லலாம் என்றேன். ரீட்டா என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடினேன். அவள் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். டிலானியின் போனை வாங்கினாள்.

“ஹலோ, அக்கா, நான் டிலானியின்ர அம்மா... ஓம்... ஓம், சாப்பிட்டம், நல்ல பொங்கல்... அக்கா, ஒரு பிழை நடந்துபோச்சு... இல்லையில்லை, பிள்ளையள் சுகம். இந்த மனுசன்தான்...”

சொன்னாள். ஒன்றும் குறைக்காமல் சொன்னாள். முட்டையையும் சொன்னாள், அதைச் சொல்லத் தேவையே இல்லை. ரீட்டா போனைப் பொத்திக்கொண்டு என்னிடம் திரும்பினாள்.

“முகத்தில வெட்டுப் பட்டதோ எண்டு கேக்கிறா.”

“காதில. கொஞ்சம்.”

“காதில அக்கா. கொஞ்சமாம்... சரி... சரி அக்கா.”

போனை வைத்தாள். “ஒண்டையும் எறிய வேண்டாமாம். சனிக்கிழமை வாறாவாம்.”

“எழுத்துக்கு?”

“அதைக் கேக்கிற நேரமே இது?”

ஜனவரி 16, வெள்ளி

மழை வரும் போல இருந்து வரவில்லை.

ரீட்டா வீட்டைக் கழுவினாள். நான் துடைத்த இடத்தையும் திரும்பக் கழுவினாள். கோப்பைகள் போதாது என்றாள். மாதா சுருவத்துக்கு முன்னால் புது மெழுகுதிரி. எதற்கு என்று கேட்கவில்லை.

டிலானி இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை. பிரணவனோடும் சண்டை போல. போனைக் கவிழ்த்து வைத்திருக்கிறாள்.

நிஸாமிடம் சொன்னேன். “நானா, உங்களுக்குக் கத்தரியக் கையில தரப்படாது” என்றார்.

ஜனவரி 17, சனி

கடுமையான வெயில். கரண்ட் போய் வந்தது.

பத்து மணி போல முச்சக்கர வண்டி. ச.அம்மா, பிரணவன். வெள்ளைச் சேலை, மூக்குக்கண்ணாடி, குடை. வாசலில் செருப்பைக் கழற்றி ஒழுங்காக ஓரத்தில் வைத்தார். நானும் என்னுடையதைக் காலால் ஒழுங்காக்கினேன். பள்ளிக்கூடத்து நினைவு. கணக்கில் நான் எடுத்த புள்ளியை ஒரு பார்வையில் அறிந்துவிடுவார் போல இருந்தது.

“இருங்கோ ரீச்சர்.”

இருக்கவில்லை. “எங்கை?” என்றார்.

பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்தேன். ஒவ்வொன்றாக எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். அடியில் பார்த்தார். விரலால் மடிப்பைத் தடவினார்.

“நேராத்தான் மடிச்சிருக்கிறீங்கள், டிலானியின்ர அப்பா” என்றார்.

அது பாராட்டா என்று தெரியவில்லை. நன்றி ரீச்சர் என்றேன். ரீட்டா காலில் மிதித்தாள்.

“எத்தினையோ வருசமா நானும் எறியவும் மனமில்லாம, வெட்டவும் மனமில்லாமத்தான் வச்சிருந்தனான். அதுதான் சொல்லிவிட்டனான், சாமி படம் இருக்கிற பக்கத்தை எடுத்து வச்சிட்டு மற்றப் பக்கத்தை வெட்டச் சொல்லி.”

“ஆரிட்டச் சொல்லிவிட்டனீங்கள் அக்கா?” இது ரீட்டா.

எல்லோரும் பிரணவனைப் பார்த்தோம். அவன் சீலிங்கைப் பார்த்தான்.

“மறந்துபோச்சம்மா.”

எனக்கு அந்தத் தம்பியில் முதல் தடவையாக உண்மையான பாசம் வந்தது. இனி இந்த வீட்டில் திட்டு வாங்க நான் தனியாள் இல்லை.

ச.அம்மாவின் கண் மூலையில் கிடந்த உரப்பையில் விழுந்தது. “அது?”

ரீட்டா தயங்கித் தயங்கித் திறந்தாள். மாதா, பாலன், சூசையப்பர், நட்சத்திரம், ஆடு. ச.அம்மா ஒரு மாதாவை எடுத்துப் பார்த்தார்.

“நீங்களும் வெட்டுறேல்லையோ?”

“எப்பிடி அக்கா வெட்டுறது?”

“அதுதானே.”

ச.அம்மா கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு எனக்கு அங்கே வேலை இல்லை. எப்படி முடிப்பது என்று இரண்டு பேரும் பேசினார்கள். நாங்கள் கடலில் விடுகிறது என்று அவர். நாங்கள் எரித்துச் சாம்பலை மண்ணில் தாழ்க்கிறது என்று இவள். கடல் குப்பையாகிப் போச்சு அக்கா. நெருப்பு வைக்க மனம் வருமோ பிள்ளை. பிள்ளை! ரீட்டாவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. பெட்டிக்கு என்ன வழி என்று ஒருவரும் கேட்கவில்லை. பிளேன்ரீ வந்தது. கேக்கைத் தட்டில் பார்த்ததும் “முட்டையோ?” என்றார். பிஸ்கற் மாற்றி வைத்தோம்.

“உந்த நூல் என்னத்துக்கு?” யன்னலையும் பியூஸ் பெட்டியையும் காட்டிக் கேட்டார். அட்டையைக் கழற்றின நான் நூலைக் கழற்றவில்லை. சோம்பல்.

ரீட்டா சொன்னாள். ச.அம்மா நூலை ஒரு முறை முழு நீளத்துக்கும் பார்த்தார்.

“அப்ப ஏன் வெட்டுறியள்? முழுசாத் தொங்கவிடுங்கோவன். எழுத்துக்கு வாற சனமும் பாக்கும்.”

நான் ஸ்டூலில் ஏறினேன். பிரணவன் எடுத்துக் கொடுத்தான். கீழே இரண்டு மேற்பார்வையாளர்கள். பிள்ளையார் முதலில் வர வேண்டும் என்று ச.அம்மா. முதல் என்றால் எந்தப் பக்கத்தில் இருந்து முதல் என்று ரீட்டா. வாசலில் இருந்து பிள்ளையார், யன்னலில் இருந்து மாதா என்று தீர்ந்தது. நிஸாமின் பிறைகளை என்ன செய்ய என்று கேட்டேன். “அவரும் எழுத்துக்கு வருவார்தானே? நடுவில கட்டுங்கோ.” வாயில் நூல், கையில் லட்சுமி, கால் ஒரு பக்கம் ஆடுகிறது. ஸ்டூலைப் பிடிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

பாதி கட்டியாயிற்று. ச.அம்மா எழுந்து போய், சுவர் ஓரத்துக் கதிரை ஒன்றில் உட்கார்ந்து பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். எழுந்தார். திரும்ப உட்கார்ந்தார்.

“டிலானியின்ர அப்பா, கனமான கார்டுகளை இந்தப் பக்கத்து யன்னலுக்கு நேரே நெருக்கிக் கட்டுங்கோ. எழுத்தண்டைக்கு நான் உதிலதான் இருக்கப் போறன். பத்து மணி வெயில் நேரா முகத்தில அடிக்கும்.”

தலையாட்டினேன். வாயில் நூல்.

தட்டோடு குசினி வாசலில் நின்ற டிலானி திரும்பி உள்ளே போனாள். பைப் திறக்கும் சத்தம். முகம் கழுவ அவ்வளவு நேரம் எடுக்காது.

கனமானதை எல்லாம் அந்தப் பக்கம் கட்டினேன். ஒரு கீற்று வெயில் வராத மாதிரி. இறங்கிப் போய் அந்தக் கதிரையில் உட்கார்ந்து நானே பார்த்தேன். இன்னும் ஒன்று கட்டினேன்.

காதில் வெட்டுப்பட்ட பிள்ளையார்ப் பெட்டிகளைச் சம்பந்தி அம்மா தன் பையில் போட்டுக் கொண்டுபோனார். வெள்ளவத்தைக் கடலில் தானே விடுகிறாராம். என்னிடம் தர மாட்டாராம்.

ஜனவரி 18, ஞாயிறு

மூட்டமாக இருக்கிறது.

பூசையால் வந்து பார்த்தால் நூல் அறுந்து மூன்று மதமும் தரையில். பாரம். இரட்டை நூல் போட்டுத் திரும்பக் கட்டினேன். முதுகு போய்விட்டது.

குடில் பெட்டியை மேலே ஏற்றும்போது மாட்டின் கொம்பை ரீட்டா கண்டுபிடித்துவிட்டாள். அதற்கு அரைமணி நேரம் திட்டு.

பிறகு கேக் பெட்டிக் கணக்கு. வெட்ட அனுமதி உள்ள அட்டை: மணி, மெழுகுதிரி, வீடு, குருவி, நாய். காணாது என்று தெரியும், இருந்தாலும் இதையாவது செய்வோம் என்று உட்கார்ந்தேன். முதலில் நாய். நல்ல பெரிய அட்டை. கோடு இழுத்தேன். ரீட்டா போனில் இருந்தாள். சம்பந்தி அம்மாவோடு. காலையில் இருந்து இது மூன்றாவது தரம். கதைத்துக்கொண்டே என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

“இஞ்ச, அக்கா, நாயை வெட்டப் போறார்... ஓம், சிவப்புத் தொப்பி போட்டது... ஓம் ஓம், எங்களையே பாத்துக்கொண்டு இருக்கு... நானும் அதைத்தான் சொல்லுறன்.”

போனைப் பொத்தினாள்.

“வேண்டாமாம். பாவமாம்.”

நாயையும் கட்டியாயிற்று. நாளைக்கு மருதானையில் வெறும் வெள்ளைப் பெட்டி வாங்கப் போகிறேன்.